ராயபுரம் டு ராதாநகர்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. கேங்கா சேர்ந்து எங்கேயாவது கிளம்பணும். ஊட்டி, கொடைக்கானல், பாண்டிச்சேரி... எல்லாம் சீனியர்கள் போய்ப் போய்த் தேய்ச்ச ரூட்! 'கோவா போலாம் மச்சி' என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். மூணு வருஷம் கழிச்சும் 'கோவா கேங்' என்ற குரூப் மட்டும்தான் மொபைலில் உயிரோடு இருக்கும்.

அதை விடுங்க. அடுத்த தடவை காசிமேட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, துறைமுகத்தின் ராட்சச கிரேன்களைப் பாருங்க. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிறதே, அந்த மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துதான் அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் புறப்படுகிறது. தியாகராயா கல்லூரி பசங்களுக்கும், பாரதி மகளிர் கல்லூரி பொண்ணுங்களுக்கும் இது பக்கத்துத் தெரு மாதிரி! ஆனா நம்ம ஏரியாவில் எத்தனை பேர் அந்த கேட்டைத் தாண்டி ஒரு கப்பலில் ஏறியிருப்போம்?

நமக்குத் தீவு பீச் மேல் ஆசை வந்தா அதில் ஒரு நியாயமும் இருக்கு. சென்னைத் துறைமுக வேலை 1876-ல் ஆரம்பமானது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்து நிறுத்தியது. தேங்கிய மணலால் தெற்கே மெரினா அகலமானது. மணல் வராத ராயபுரம், திருவொற்றியூர் கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. அவங்களுக்கு பீச், நமக்குக் கருங்கல்! எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டிக் கிடக்கும் பாறைகள் அந்தக் கதையின் மிச்சம்தான்.

சரி, கிளம்பலாமா? சும்மா இல்லை. கப்பல், படகு, விமானம் மூணையும் ஒரே டூரில் கோக்கணும். இதில்தான் பெரிய பெரிய கேங்கெல்லாம் சொதப்புது!

எது குறைச்சலோ, அதுதான் முதல்ல!

எல்லாரும் என்ன பண்றாங்க? முதலில் ஆஃபரில் ஃபிளைட் டிக்கெட்டை அமுக்கிடறாங்க. அப்புறம் மத்ததை அதுக்குள் திணிக்கப் பார்க்கறாங்க. இதை அப்படியே தலைகீழாகப் பண்ணுங்க.

விமானம் தினமும் உண்டு. தீவுகளுக்கு நடுவில் ஓடும் படகுகள் ஒரு நாளைக்குச் சிலதான். சென்னையிலிருந்து போகும் கப்பலோ மாசத்துக்கே சில தடவைதான். ஆகவே, முதலில் கப்பல் தேதி. அதை வைத்துப் படகு. கடைசியில்தான் திரும்பி வரும் விமானம்.

கப்பலை நடத்துவது அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை. புறப்படும் நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள். நன்கௌரி, நிக்கோபார், சுவராஜ் தீப் என்று தீவுகளின் பெயர் தாங்கிய கப்பல்கள் இந்தப் பாதையில் ஓடியிருக்கின்றன. சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய 60 மணி நேரம். விமானத்தில் இதே தூரம் இரண்டேகால் மணி நேரம்தான்!

'அப்போ எதுக்கு கப்பல்?' என்கிறீர்களா? மொபைலில் சிக்னல் போய், நாலா பக்கமும் தண்ணியைத் தவிர வேற எதுவும் தெரியாத இரண்டு முழு நாள், ஃபிரெண்ட்ஸோடு. வேறெங்கே கிடைக்கும்? அதே சமயம், போக மூணு நாள், வர மூணு நாள் என்றால் லீவு மொத்தமும் கடலிலேயே கரைஞ்சிடும். அதனால் போக கப்பல், திரும்ப விமானம். இதுதான் நமக்கு சரியான கூட்டு.

இன்னொரு சந்தோஷம்... மெட்ரோவின் நீல வழித்தடம் 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணடியும் அதே லைன், விமான நிலையமும் அதே லைன். கப்பலுக்குப் போவதும், விமானத்தில் இருந்து வீடு திரும்புவதும் ஒரே ரயிலில்!

பங்க் கிளாஸ் சொந்தக்காரங்க

கப்பலில் டீலக்ஸ் கேபின், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எல்லாம் உண்டு. நம்ம பர்ஸுக்கு ஏத்தது 'பங்க்'. பெரிய ஹாலில் அடுக்கடுக்காய்ப் படுக்கைகள், கிட்டத்தட்ட ஸ்லீப்பர் கோச் மாதிரி. பெட்ஷீட், கொறிக்க ஏதாவது, டாக்டரிடம் கேட்டு வாங்கின வாந்தி மாத்திரை... இவை இல்லாமல் ஏறாதீங்க.

ஏறினதும் சுத்தி ஒரு தடவை பாருங்க. உங்களை மாதிரி டூரிஸ்டுகள் கொஞ்சம் பேர்தான் இருப்பாங்க. சென்னையில் ஆபரேஷன் முடிச்சு வீடு திரும்பும் ஒரு தாத்தா, லீவுக்கு ஊருக்குப் போகும் ஹாஸ்டல் பையன், கல்யாண ஜவுளி மூட்டையோடு ஒரு குடும்பம் என்று இருப்பவர்கள்தான் அதிகம். நமக்கு டூர், அவங்களுக்கு இது டவுன் பஸ்! அதனால்தான் தீவுக்காரங்களுக்குக் கட்டணம் தனி. 'எனக்கு மட்டும் ஏன் ஜாஸ்தி?' என்று கவுன்டரில் சண்டை போடாதீங்க. ஒரு ஸ்கேன் எடுக்கக்கூட கடல் தாண்ட வேண்டியிருந்தா அப்போ புரியும்.

அவர்களில் பலர் தமிழ் பேசுவதைக் கேட்டு ஆச்சரியப்படவும் வேண்டாம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். 1964-ல் கையெழுத்தான சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார்கள். பர்மா பஜார் வாசலில் நின்னு அத்தோ சாப்பிடும் நமக்கும் அவங்களுக்கும் ஏதோ ஒரு கப்பலில் உறவு இருக்கு பாஸ்.

'ரஜுலா' கப்பலை உங்க தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க. 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குத் தலைமுறை தலைமுறையாக நம்மாட்களைக் கொண்டுபோய் விட்ட கப்பல். 1973-ல் அது கைமாறியபோது வைத்த புதுப் பெயர் என்ன தெரியுமா? 'ரங்கட்'. அது அந்தமானில் ஓர் ஊரின் பெயர்!

முக்கோண ரூட்

கப்பல் போய்ச் சேரும் இடம் போர்ட் பிளேரின் ஹாடோ துறை. 2024 செப்டம்பரில் இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் சுவராஜ் தீப் ஆனது. நீல் தீவு ஷாகீத் தீப் ஆனது. டிக்கெட் தேடும்போது பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்க. கப்பல் சுவராஜ் தீப் வேற, தீவு சுவராஜ் தீப் வேற. குழம்பினா கம்பெனி பொறுப்பல்ல!

திட்டம் இதோ. முதல் மூணு நாள் கப்பல். நாலாவது நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை. ஐந்தாம் நாள் காலை ஹேவ்லாக்குக்குப் படகு. ஆறாம் நாள் ராதாநகர் கடற்கரை. 2004-ல் 'டைம்' இதழ் ஆசியாவிலேயே சிறந்த பீச் என்று எழுதிய அதே இடம். ஏழாம் நாள் அங்கிருந்து நேரா நீல். எட்டாம் நாள் நீலில் இருந்து போர்ட் பிளேர். போன வழியே திரும்பாமல், மூணே படகு டிக்கெட்டில் முக்கோணம் முடிஞ்சுது.

அரசுப் படகு விலை மலிவு, ஆனால் மெதுவாகப் போகும். தனியார் கேடமரன் வேகம், விலையும் அதிகம். அங்கே நம்ம கடிகாரம்தான், ஆனால் சூரியன் ரொம்ப சீக்கிரம். விடிகாலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துடும், சாயங்காலம் ஐந்தரை வாக்கில் இருட்டும். ஹாஸ்டல் பழக்கத்தில் பத்து மணிக்கு எழுந்தா, காலைப் படகு உங்களை விட்டுட்டுப் போயிருக்கும்.

ஒரு கண்டிப்பான விஷயம். கரையில் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போடாதீங்க. அது சட்டப்படி குற்றம். நிக்கோபார் தீவுகளுக்குத் தனி அனுமதி இல்லாமல் போக முடியாது. அது அங்கே வாழும் பழங்குடி மக்களின் வீடு, டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை.

ஒன்பதாம் நாள் எங்கே?

எட்டாம் நாள் போர்ட் பிளேர் வந்தாச்சு. பத்தாம் நாள்தான் விமானம். நடுவில் ஒன்பதாம் நாள்? எதுவும் இல்லை! அதை சும்மா விடுங்க.

'ஒரு நாள் ரூம் வாடகை வேஸ்ட்டு மச்சி' என்று உங்க கேங்கின் நிதி மந்திரி எகிறுவார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க. 2016 டிசம்பர் முதல் வாரம். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. படகுகள் நின்றன. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கையில் விமான டிக்கெட் இருக்கு, விமானமும் பறக்க ரெடி. ஆனா அதுவரைக்கும் போகப் படகு இல்லை. கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன.

அந்தத் தாழ்வு அப்புறம் என்ன ஆச்சு? புயலாக மாறி மேற்கே நகர்ந்து, டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்தது. ஆமாம், நம்ம மரங்களையெல்லாம் பேர்த்துப் போட்ட அதே வர்தா! ஹேவ்லாக்கில் படகை நிறுத்திய அதே புயல்தான் ஒரு வாரத்துக்குள் ராயபுரத்தின் கரன்ட்டையும் நிறுத்தியது. 2023-ல் மிக்ஜாம் வந்தபோது, டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் படகு, இந்தப் பக்கம் ரன்வே. எது வேணா நிற்கும்.

அந்தமானுக்கு நல்ல சீசன் ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை. நமக்கு லீவு எப்போ? டிசம்பரிலும் மே மாசத்திலும்! ஒண்ணு புயல் காலம், இன்னொண்ணு பருவமழை தொடங்கும் காலம். யுனிவர்சிட்டி காலண்டரும் கடலின் காலண்டரும் ஒருநாளும் ஒத்துப்போகாது. அதனால் மத்தவங்களுக்கு எப்படியோ, ஸ்டூடன்ட்ஸுக்கு இந்த ஒன்பதாம் நாள் கட்டாயம். ஒரு படகு ரத்தானால், மாறுவது ஒரு டிக்கெட் மட்டும் இல்லை. கடைசி நேரத்தில் வாங்கும் விமான டிக்கெட்டின் விலை, என்ஃபீல்டிலோ லேலண்டிலோ அப்பா ஓவர்டைம் பார்த்த காசு. திங்கட்கிழமை பிராக்டிகல் எக்ஸாம் என்றால், போனது ஒரு செமஸ்டர்.

காசிமேட்டு மீனவர்கள் இதை நமக்கு முன்னாடியே அறிந்தவர்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், அன்றைக்கு டீசல் போட்டாச்சு, ஐஸ் ஏத்தியாச்சு என்று கணக்குப் பார்க்க மாட்டாங்க. படகைக் கட்டிட்டு வலையைத் தைக்க உட்கார்ந்திடுவாங்க. கடலுக்கு ஒரு நாள் கொடுப்பது அவங்களுக்கு நஷ்டம் இல்லை, வழக்கம்.

வானம் நல்லா இருந்தா, ஒன்பதாம் நாள் உங்களுக்கு போனஸ். எதிரிலேயே இருக்கும் ராஸ் தீவுக்குக் கொஞ்ச நேரப் படகு. ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்த பிரிட்டிஷ் கட்டடங்கள், ஊடே திரியும் மான்கள். அதுவும் வேண்டாமா? ஜெட்டியில் கால் தொங்கப் போட்டு உட்காருங்க. எதிரில் வந்து போகும் கப்பல்களில் ஏதோ ஒண்ணு நம்ம ஏரியாவில் இருந்து கிளம்பினதாக இருக்கும்.

ஆகவே ஃபிரெண்ட்ஸ்... முதல் வேலையாக அந்தக் கோவா குரூப்பின் பெயரை மாத்துங்க. இரண்டாவது, அடுத்த கப்பல் என்றைக்கு என்று பாருங்க. மூணாவது, அந்தத் தேதியில் இருந்து விரல் விட்டு எண்ணி, ஒன்பதாம் கட்டத்தில் எதையும் எழுதாம விடுங்க. ஹேப்பி ஜர்னி!