கம்பெனிக் கலியாணங்கள்

நம் நாட்டில் கலியாணம் என்றால் பத்திரிகை வரும். வாசலில் பந்தல் போடுவார்கள். இலை போட்டுப் பாயசம் பரிமாறுவார்கள். வயிறு நிறைந்த பிறகுதான் நாம் மொய் எழுதுவது வழக்கம். ஆனால் சென்ற இருபத்தைந்து வருஷ காலத்தில், நமக்குப் பத்திரிகை அனுப்பாமலே சில கலியாணங்கள் நடந்தேறியிருக்கின்றன. அவற்றில் சாப்பாடு கிடையாது. மொய் மட்டும் நாம் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை தவறாமல் எழுதிக்கொண்டிருக்கிறோம். செல்போன் கம்பெனிகள் ஒன்றோடொன்று செய்துகொண்ட சம்பந்தங்களைத்தான் சொல்கிறோம்.

மதுரையில் ஒருவர் பல வருஷங்களுக்கு முன் பி.பி.எல். கம்பெனியின் சிம் கார்டு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2006-ல் அவர் ஹட்ச் கம்பெனியின் வாடிக்கைக்காரர் ஆனார். 2007-ல் வோடபோன் வாடிக்கைக்காரர். 2018-ல் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2020-ல் அதன் பெயர் 'வி' என்று சுருங்கிற்று. அவர் வீடு மாறவில்லை. டெலிபோன் எண்ணும் மாறவில்லை. கலியாணமாகும் பெண்ணுக்கு இனிஷியல் ஒரு தடவைதான் மாறும். இவருக்கோ உட்கார்ந்த இடத்திலேயே மூன்று தடவை மாறிவிட்டது! சென்னையிலும் இதே கதைதான். அங்கே முதன்முதலில் கடை திறந்த இரண்டு கம்பெனிகளில் ஸ்கைசெல்லை 2000-ல் பாரதி கம்பெனி வாங்கியது, ஆர்.பி.ஜி. செல்லுலாரை 2003-ல் ஏர்செல் வாங்கியது.

பெயர் மாறினால் என்ன நஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். பெயரால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கலியாணத்தின்போதும் கடைத்தெருவில் ஒரு கடை குறைகிறதே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

1995-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி, கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். இந்தியாவில் நடந்த முதல் செல்போன் பேச்சு அது. அந்தக் காலத்தில் ஒரு நகரத்துக்கு இரண்டே கம்பெனிகள் என்பது சர்க்கார் வகுத்த விதி. பேசினால் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை ஆகும். அது போகட்டும், பிறர் நம்மைக் கூப்பிட்டாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். எவனோ ஒருவன் கடன் கேட்பதற்காக நம்மைக் கூப்பிடுவான். அந்தப் பேச்சுக்கும் கட்டணம் நம் தலையில் விழும்!

பிறகு கடைகள் பெருகின. சர்க்கார் டெலிபோன் ஸ்தாபனங்கள் மூன்றாவதாக வந்தன; நான்காவது கம்பெனியும் வந்தது. 2003-ல், வரும் அழைப்புக்குக் கட்டணம் என்ற அநியாயம் ஒழிந்தது. 2005-ன் முடிவில் 'ஆயுட்காலத் திட்டம்' என்று ஒன்று புறப்பட்டது. சுமார் ஆயிரம் ரூபாய் ஒரே தடவையாகக் கட்டினால், ஆயுள் முழுவதும் அழைப்புகள் இலவசமாக வந்துகொண்டே இருக்குமாம். யாருடைய ஆயுள் என்று அப்போது நாம் யாரும் விசாரிக்கவில்லை. கம்பெனியின் லைசென்ஸுக்குள்ள ஆயுள் என்பது பின்னால்தான் தெரியவந்தது. 2009-ல் டாடா டோகோமோ, வினாடிக்கு ஒரு பைசா என்று தண்டோராப் போட்டது. மற்றவர்களும் வேறு வழியின்றி அதைப் பின்பற்றினார்கள். நாட்டின் சில வட்டங்களில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் போட்டி போட்ட காலம் அது. அப்பொழுதெல்லாம் நம் வீட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தால், ஊசி நூலுக்குப் பக்கத்தில் நாலைந்து சிம் கார்டுகள் கிடக்கும்.

இந்தத் திருவிழா நெடுநாள் நீடிக்கவில்லை. 2008-ல் வழங்கப்பட்ட 122 லைசென்ஸுகளை 2012 பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. பல கம்பெனிகள் மூட்டை கட்டின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த வருஷம் மார்ச் முடிய எல்லாம் இலவசம் என்றது. இலவசத்துடன் யார் போட்டி போட முடியும்? மற்ற கம்பெனிகளின் வருமானம் சரிந்தது; கடன் ஏறியது. அதன்பின் கலியாண முகூர்த்தங்கள் நெருங்கி நெருங்கி வந்தன. டெலினாரின் இந்தியக் கிளையை 2018-ல் ஏர்டெல் சேர்த்துக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. டாடாவின் செல்போன் வியாபாரம் 2019-ல் ஏர்டெல்லுக்குப் போயிற்று. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் நிச்சயமாகியிருந்த ஏர்செல்லின் சம்பந்தம் 2017 அக்டோபரில் முறிந்தது. அடுத்த பிப்ரவரியில் அது திவால் மனுப் போட்டது. அந்த மாதம் தமிழ்நாட்டில் ஏர்செல் டவர்கள் ஊமையாகிவிட, ஜனங்கள் அதன் கடைவாசல்களில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால், அதற்கு முதலில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதை அனுப்புவதற்குத்தான் சிக்னல் இல்லையே!

ஆக, தனியார் கடைகள் மூன்று மிஞ்சின. இதன் பலன் யார் வீட்டில் முதலில் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் நம் அத்தை இருக்கிறாள். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவள். அவளிடம் பொத்தானை அமுக்கிப் பேசும் பழைய போன் ஒன்று உண்டு. அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. நாமும் நம் சகோதரர்களும் கூப்பிடுவோம், அவள் எடுத்து, "சாப்பிட்டாயா?" என்பாள். அவளுக்கு டெலிபோன் என்பது அவ்வளவுதான். 2018-ன் இறுதியில் ஒரு நாள் அந்தப் போன் பேசவில்லை. பதறிப்போய் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தோம். அத்தை சௌக்கியமாகத்தான் இருந்தாள். மாதந்தோறும் குறைந்தபட்சம் முப்பத்தைந்து ரூபாய் ரீசார்ஜ் செய்யாவிட்டால் வரும் அழைப்பையும் நிறுத்திவிடுவது என்று அவளுடைய கம்பெனி முடிவு செய்திருந்தது. நாம் விவரத்தை எடுத்துச் சொன்னபோது அத்தை கேட்டாள்: "நான் ஒருத்தரையும் கூப்பிடுகிறதில்லையே! நீங்கள் என்னைக் கூப்பிடுகிறதற்கு நான் ஏன் அப்பா பணம் கட்ட வேண்டும்?"

பொருளாதார சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள் இதைக் காட்டிலும் கூர்மையாகக் கேட்டுவிட முடியாது. 1995-ல் முன்வாசல் வழியாக வந்து, 2003-ல் துரத்தப்பட்ட கட்டணம், 2018-ல் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது.

கம்பெனிகளின் கட்சியையும் சொல்லிவிடுவது தர்மம். முன்பெல்லாம் ஒரு கம்பெனியின் வாடிக்கைக்காரர் இன்னொரு கம்பெனியின் வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டால், கூப்பிட்ட கம்பெனி எடுத்த கம்பெனிக்கு நிமிஷத்துக்குப் பதினான்கு பைசா கொடுக்கும். அதனால் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் அத்தையும் அந்தக் காலத்தில் வருமானம்தான். 2017 அக்டோபரில் அந்தத் தொகை ஆறு பைசாவாகக் குறைக்கப்பட்டது, 2021-ல் பூஜ்யமாயிற்று. அத்தையின் எண்ணைக் காப்பாற்றுவது கம்பெனிக்குச் செலவு என்றாகிவிட்டது. டவருக்கும் அலைவரிசைக்கும் ஆயிரக்கணக்கான கோடி கொட்ட வேண்டியிருக்கிறது. பத்துக் கம்பெனிகள் ஒரே ஊரில் பத்து டவர் நட்டதில் வீண்செலவும் இருந்தது. இவையெல்லாம் மெய்தான்.

ஆனாலும் ஒன்று யோசிக்க வேண்டும். கடைத்தெருவில் பத்துக் கடை இருக்கும்போது, ஒன்பது கடைக்காரர்கள் அலட்சியம் செய்யும் ஏழை வாடிக்கைக்காரரைப் பத்தாவது கடைக்காரர் கைதட்டிக் கூப்பிடுவார். அவருக்கு அதுதான் பிழைப்பு. மூன்றே கடையானால் அந்தப் பத்தாவது கடைக்காரர் இல்லை. மூவரும் இரகசியமாகக் கூடிப் பேச வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவர் பலகையில் எழுதும் விலையை மற்ற இருவரும் பார்த்தால் போதும். 2019 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், 2024 ஜூலையிலும் மூன்று கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. 'இனி என் கடையில் விலை ஏறாது' என்று சொல்ல நான்காவது தனியார் கடை இல்லை. சர்க்காரின் பி.எஸ்.என்.எல்.லோ, மற்றவர்கள் நாலாந் தலைமுறையைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போன பிறகு, 2025-ல்தான் நாலாந் தலைமுறைச் சேவையை நாடு முழுவதும் விரிவாகத் தொடங்கிற்று.

போட்டியை அளப்பதற்குச் சட்ட நிபுணர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளும் போடக்கூடிய கணக்குத்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் சந்தையில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்த்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். சம பலமுள்ள பத்துக் கம்பெனிகள் என்றால் விடை 1,000. நான்கு என்றால் 2,500. மூன்று என்றால் 3,333. இரண்டே என்றால் 5,000. ஒரே கம்பெனியானால் 10,000, அதாவது ஏகபோகம். பத்து ஒன்பதாகும்போது எண் அதிகம் ஏறுவதில்லை. நான்கு மூன்றாகும்போதும், மூன்று இரண்டாகும்போதும் குதித்து ஏறுகிறது. கடைசிக் கலியாணங்கள்தான் ஆபத்தானவை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

அமெரிக்காவும் இந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியிருக்கிறது. 2011-ல் ஏ.டி. அண்டு டி. கம்பெனி, டி-மொபைல் கம்பெனியை 3,900 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்தது. நான்கு பெரிய கம்பெனிகள் மூன்றாகிவிடும் என்று சர்க்கார் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தது. சம்பந்தம் முறிந்தது, 300 கோடி டாலர் ரொக்கமும் கொஞ்சம் அலைவரிசையும் நஷ்ட ஈடாகக் கைமாறின. மணமாகாமல் நின்ற டி-மொபைல் சும்மா இருக்கவில்லை. 2013-ல் இரண்டு வருஷ ஒப்பந்தம் என்ற விலங்கை உடைத்தெறிந்து வாடிக்கைக்காரர்களை இழுத்தது. மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். 2020-ல் அதே டி-மொபைல் ஸ்பிரின்டை மணக்க அனுமதி கிடைத்தது. அதற்கு ஈடாக டிஷ் என்ற கம்பெனியை நான்காவதாக வளர்ப்பதாகச் சொன்னார்கள். 2025-ல் டிஷ்ஷின் தாய்க் கம்பெனி தன் அலைவரிசையில் பெரும் பகுதியை ஏ.டி. அண்டு டி.க்கு விற்க ஒப்புக்கொண்டது. கலியாணத்தன்று கொடுத்த வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை.

கலியாணம் செய்துகொண்டவர்களாவது செழித்தார்களா என்றால், நம் நாட்டு அனுபவம் அதையும் நிச்சயமாகச் சொல்ல விடவில்லை. 2018-ல் வோடபோனும் ஐடியாவும் இணைந்தபோது 40 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரர்களுடன் அதுதான் இந்தியாவிலேயே பெரிய கம்பெனி. 2025-ல் ஏறக்குறைய 20 கோடிதான் மிச்சம். சர்க்காருக்குச் சேர வேண்டிய வருமானப் பங்கைப் பற்றி 2019 அக்டோபரில் வந்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு மேலும் சுமையேற்றியது. பாக்கியை ஈடு செய்ய, சர்க்காரே அதில் பாதியளவு பங்குக்குச் சொந்தக்காரர் ஆகியிருக்கிறது. இந்தக் கம்பெனியும் விழுந்துவிட்டால் தனியார் கடைகள் இரண்டே. 1995-ல் நாம் புறப்பட்ட இடமும் அதுதான்.

இணைப்பு என்றாலே கூடாது என்பது நம் அபிப்பிராயமல்ல. நொடித்துப்போன கம்பெனியை ஒருவர் எடுத்துக்கொண்டால், அதன் வாடிக்கைக்காரர்கள் நடுத்தெருவில் நிற்காமலிருப்பார்கள். ஆனால் அனுமதி கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள் போதாது. ஒரு வட்டத்தில் இணைந்த கம்பெனியின் பங்கு பாதிக்கு மேல் போனால் ஓராண்டுக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 2014-ம் வருஷத்து விதி சொல்கிறது. நல்லதுதான். இதோடு, 'மிகக் குறைந்த கட்டணம் கட்டுகிறவரை இணைப்புக்குப் பிறகு என்ன செய்வீர்கள்?' என்றும் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சராசரிக் கணக்கில் நம் அத்தை தென்படவே மாட்டாள்.

இதற்கிடையில் நம் கையில் உள்ள ஆயுதங்களை நாம் துருப்பிடிக்க விடக்கூடாது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை 2011 முதல் நாடெங்கும் உண்டு. இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாகக் கொண்ட கம்பெனிப் பஞ்சாங்கத்தில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்! நம் முன்னோர்களின் பஞ்சாங்கத்தில்கூட அதிக மாதம் ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று 2022-ல் டிராய் ஸ்தாபனம் உத்தரவிட்டது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் மற்றோர் உத்தரவும் வந்தது. ஆனால் கடையில் போய்க் கேட்காதவர்களுக்கு இவற்றை யாரும் எடுத்து நீட்டுவதில்லை.

ஆகையால் நேயர்கள் இந்த வாரம் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனுக்கு மாதந்தோறும் என்ன ரீசார்ஜ் ஆகிறது, அதில் அவர்கள் எதை உபயோகிக்கிறார்கள் என்று பாருங்கள். சினிமாவும் பாட்டும் பார்க்காதவருக்கு டேட்டா வாங்கிக் கொடுத்திருந்தால், பேச்சுக்கு மட்டுமான திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போங்கள். எதிர்க்கடை என்று ஒன்று இருக்கும்போதே போய்விடுவது நல்லது.