பீலே தீவின் தேவி

அஸ்வான் நகரத்துக்குத் தெற்கே, நைல் நதி இரண்டு அணைகளின் நடுவே பெரியதோர் ஏரியைப்போல் தேங்கி நிற்கிறது. அந்நீர்ப்பரப்பில், கருங்கற் பாறைகள் சூழ்ந்த சிறு தீவொன்று உண்டு. பண்டை எகிப்தியரின் லோகமாதாவாகிய இஸிஸ் தேவியின் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலை வேளையில், நூபியர் ஒருவரது படகிலேறி அத்தீவுக்குச் சென்றோம்.

கரையேறியதும் நீண்ட தூண் வரிசையின் வழியே நடந்து வாயிலை அடைந்தோம். வாயிலின் இருமருங்கும் சுமார் 18 மீட்டர் உயரமுள்ள கோபுரங்கள். பன்னிரண்டாம் தாலமி மன்னன் பகைவரின் தலைமயிரைப் பற்றிக்கொண்டு அடிக்க ஓங்கும் காட்சி அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் மனத்தைக் கவர்ந்தது அந்த வீரமன்று. உள்ளே, நாணற் புதரிடையே குழந்தை ஹோரஸுக்குப் பாலூட்டும் தேவியின் சிற்பமே.

தேவியின் கதை துயரமானது. அவளுடைய நாயகன் ஓஸிரிஸை, அவன் சகோதரன் சேத் வஞ்சித்துக் கொன்று, உடலைப் 14 துண்டங்களாக்கி நாடெங்கும் எறிந்துவிட்டான். இஸிஸ் சோர்ந்துவிடவில்லை. எங்கும் தேடியலைந்து துண்டங்களைச் சேர்த்தாள், நாயகனை உயிர்ப்பித்தாள். அருகேயுள்ள பிகே தீவில் ஓஸிரிஸின் சமாதி இருப்பதாக ஜனங்கள் நம்பினார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை தேவியின் விக்கிரகம் படகிலேறி அங்கே சென்று, பால் வார்த்துத் திரும்புமாம்.

இந்த வழிபாட்டைக் கடைசிவரை கைவிடாதவர்கள் யார்? தெற்கேயிருந்த நூபிய நாட்டு மக்களே. ரோமச் சக்கரவர்த்திகள் பழைய தெய்வங்களின் பூஜையைத் தடுத்த பின்னும், இங்கே மணி ஓயவில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய எகிப்தியச் சித்திர எழுத்தில், நமக்குக் கிடைத்துள்ள கடைசிச் சாஸனம் இவ்வாலயச் சுவரில்தான் இருக்கிறது. கி.பி. 394-ஆம் வருஷம் ஆகஸ்ட் 24-ஆம் தேதி பொறிக்கப்பட்ட அது, மாண்டுலிஸ் என்னும் நூபியத் தெய்வத்துக்கு உரியது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி ஆலயத்தை மூடுவித்தான். பின்னர் அது கிறிஸ்தவக் கோயிலாயிற்று. தெய்வ உருவங்கள் பலவற்றின் முகங்கள் உளியால் சிதைக்கப்பட்டன.

எகிப்து பிரிட்டிஷார் பிடியில் இருந்த காலத்தில், 1902-ஆம் வருஷம் அஸ்வானில் முதல் அணை கட்டி முடிந்தது. சீமை ஆலைகளுக்கு வேண்டிய பருத்தி விளைச்சல் பெருகியது. பின்னர் இருமுறை அணையை உயர்த்தினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி ஆலயம் நீரில் மூழ்கிக் கிடந்தது. யாத்திரிகர்கள் தூண்களின் தலைகளுக்கிடையே படகோட்டிச் சென்றார்கள். இரண்டாயிரம் வருஷம் அழியாதிருந்த வர்ணங்கள் கரைந்துபோயின.

எகிப்து சுதந்திரமான பிறகு, அன்னியர் கடன் கொடுக்க மறுத்தும் அஞ்சாமல், 1956-இல் சூயஸ் கால்வாயைத் தேசத்தின் உடைமையாக்கி, 1960-இல் புதிய உயர்ந்த அணையைத் தொடங்கியது. 1970-இல் அது நிறைவேறியது. வயலுக்கு நீரும் வீட்டுக்கு மின்சாரமும் தந்த அணை அது. ஆயினும் இரண்டு அணைகளுக்கும் இடையே அகப்பட்ட ஆலயத்தின் கதி என்னாவது? யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் முயற்சியால் பல தேசங்கள் கைகொடுத்தன. தீவைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி, ஜலத்தை இறைத்து, ஆலயத்தைச் சுமார் 40,000 கற்களாகப் பிரித்தார்கள். அண்மையிலுள்ள அகில்கியா தீவைப் பீலேயின் வடிவத்துக்குச் செதுக்கி, கல்லோடு கல் பொருத்தி மறுபடி கட்டினார்கள். 1980-இல் திறப்பு விழா நடந்தது. துண்டங்களைச் சேர்த்து நாயகனை எழுப்பிய தேவிக்கு, மனிதர் அவ்விதமே கைம்மாறு செய்தனர்! நாம் கண்டதும் இந்தப் புதிய தீவிலுள்ள ஆலயமே.

இந்த மகிழ்ச்சியோடு படகில் திரும்பியபோது, படகோட்டியிடம் அவர் ஊரைக் கேட்டோம். அவர் துடுப்பை நிறுத்தித் தெற்கே கை காட்டினார். "அந்த அணைக்கு அப்பால், ஐயா. என் பாட்டனார் வீடு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது" என்றார்.

உயர்ந்த அணையின் பொருட்டு எகிப்திய நூபியர் சுமார் 50,000 பேர் 1963, 1964-ஆம் வருஷங்களில் கோம் ஓம்போ பிரதேசத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். பேரீச்சந் தோப்புகளும், சித்திரந் தீட்டிய வீட்டுச் சுவர்களும், முன்னோர் சமாதிகளும் நீருக்குள் போயின. இஸிஸைக் கடைசிவரை பூஜித்தவர்களின் நாடு அது. தேவியின் வீட்டுக்குக் கல் கல்லாய் எண்ணிட்டுக் காத்தவர்கள், இவர்கள் வீடுகளுக்கு அவ்விதம் செய்யவில்லை.

அணைகள் வேண்டும்; தேசம் வளர வேண்டும். ஆனால் அணை கட்டும் தேசம் எதுவாயினும், கல்லுக்குக் காட்டும் பரிவில் ஒரு பங்கையேனும் அந்தக் கரையில் வாழும் ஜனங்களுக்குக் காட்டலாகாதா? படகோட்டி மறுபடியும் துடுப்பை எடுத்தார். கோபுரங்கள் பாறைகளுக்குப் பின்னே மறையும்வரை நாம் ஒன்றும் பேசவில்லை.