தெருவில் கேட்காத மொழி

அயல்மொழி ஒன்றைப் படிக்கத் தொடங்க ஆர்வம் போதும். விடாமல் படிக்க அது போதாது. முதல் மாதம் உட்கார இடமில்லாத வகுப்பு, அடுத்தடுத்த நிலைகளில் மெல்ல மெல்லக் காலியாவது எந்த மொழி ஆசிரியருக்கும் பழகிப்போன காட்சி. இதற்குச் சோம்பலைக் குறை சொல்வது வழக்கம். ஊருக்கும் இதில் பெரிய பங்குண்டு. ஹாம்பர்க்கில் ஜெர்மன் படிப்பவருக்கு ரொட்டிக்கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சம்பளம் வாங்காத வாத்தியார்கள். மயிலாப்பூரில் ஜெர்மன் படிப்பவர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தால், லஸ் முனை ஆட்டோக்காரரிலிருந்து மாட வீதிக் காய்கறிக்காரர் வரை யாருக்கும் அந்த மொழி தேவையில்லை. தெரு செய்யாத வேலையை வேறொரு ஏற்பாடு செய்தாக வேண்டும். படிப்பவரின் மன உறுதி என்று புகழப்படுவதில் பெரும்பகுதி இந்த ஏற்பாடுதான்.

சென்னையில் இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்க, எஃப். டபிள்யூ. எல்லிஸின் முயற்சியால் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அந்த இளைஞர்களைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. காதில் வாங்கிக்கொள்ளும் அவசியம்தான் இல்லை. துபாஷிகள் நடுவில் நின்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். கம்பெனி உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. தேர்வில் தேறத் தேற மாதப்படி உயரும், மிகச் சிறப்பாகத் தேறினால் ரொக்கப் பரிசு என்று விதி செய்தது. கல்லூரி பிறகு நுங்கம்பாக்கத்தில் இயங்கியது, 1854இல் கலைக்கப்பட்டது. பெயர் மட்டும் காலேஜ் ரோடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இன்று அதே சாலையில் இருப்பது தற்செயல்தான்.

படிக்காசு கொடுத்தால் மொழி வருமா என்றால், ஓரளவு வரும். தேர்வுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வரும். அதைத் தாண்டிப் போனவர்களுக்கு வேறு பிடிப்பு இருந்தது. எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எழுதிக் காட்டினார். 1839இல் சென்னைக்கு வந்து சாந்தோமில் ஊழியத்தைத் தொடங்கிய ஜி. யு. போப், திருக்குறள் மொழிபெயர்ப்பை 1886இலும் திருவாசக மொழிபெயர்ப்பைத் தம் எண்பதாவது வயதில், 1900இலும் வெளியிட்டார். அறுபது ஆண்டு ஊக்கத்தை எந்தப் படிக்காசும் தந்திருக்க முடியாது. முடிக்க வேண்டிய நூல் ஒன்று எப்போதும் மேசைமேல் இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

இந்த இரண்டு வகைப் பிடிப்பையும் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தது மிகப் பின்னால். மான்ட்ரியாலில் பிரெஞ்சு படித்த ஆங்கிலம் பேசும் மாணவர்களை ஆராய்ந்து ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் 1959இல் வெளியிட்ட கட்டுரை, வேலை, சம்பளம் போன்ற பயனுக்காகப் படிப்பதையும், அந்த மொழி பேசும் மக்களோடு நெருங்குவதற்காகப் படிப்பதையும் வேறுபடுத்தியது. நெருங்க விரும்பியவர்களே அங்கு மேலாகத் தேறினர். ஆனால் மான்ட்ரியாலில் பிரெஞ்சு பேசுபவர் அடுத்த தெருவில் இருந்தார். சென்னையில் அவர் இல்லை. அதனால் இங்கே பயனுக்காகப் படிப்பதை மட்டமாக எண்ண வேண்டியதில்லை.

பயனும் இல்லாமல், நெருக்கமும் இல்லாமல், வெறும் படிக்கட்டை மட்டும் வைத்து ஒரு மொழியைத் தலைமுறைகளாகப் படிக்க வைக்க முடியும் என்பதற்குத் தியாகராய நகரே சாட்சி. 1918இல் காந்தி தொடங்கிய தக்ஷிண பாரத் ஹிந்தி பிரசார் சபாவின் தலைமையகம் தணிகாசலம் சாலையில் இருக்கிறது. இந்தி அயல்நாட்டு மொழி அல்ல. ஆனால் மந்தைவெளிச் சிறுமிக்கு அது ஜெர்மனைப் போலவே வாசலுக்கு வெளியே கேட்காத மொழியாக நெடுங்காலம் இருந்தது. 1937இலும் 1965இலும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்த மாநிலம் இது. 1968 முதல் அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கொள்கை. அப்படியிருந்தும் சபாவின் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

காரணம் தேர்வுகளின் அமைப்பு. பரிச்சய், பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் என்று ஏறிப்போகும் படிகள். ஒவ்வொரு படியும் எட்டிவிடும் உயரத்தில் இருக்கும். அடுத்த தேர்வுக்குச் சில மாதங்கள்தான் இருக்கும். கற்பிப்பது பெரும்பாலும் பக்கத்துத் தெரு இந்தி மிஸ். மாலையில் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருக்கும். மூன்று வெவ்வேறு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவள் கபீரின் தோஹாவுக்குப் பொருள் எழுத, சின்னவன் உயிரற்ற பொருளில் எது ஆண்பால், எது பெண்பால் என்று விழித்துக்கொண்டிருப்பான். அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வந்து மிஸ் அவன் எழுதிய ‘கா’வைக் ‘கீ’ ஆக்குவார். பாடநூலைவிட அந்தப் பாய்தான் பிள்ளையை மறுநாளும் வரவழைக்கிறது. வராவிட்டால் மிஸ் அம்மாவிடம் கேட்பார். கோயிலில் பார்த்தாலும் கேட்பார்.

படிக்கட்டுக்கு ஒரு குறையும் உண்டு. கைடைப் புரட்டி, கேள்வி பதிலை உருப்போட்டு, உச்சிவரை ஏறிவிடலாம். பிரவீண் முடித்தவர் டெல்லி ரயில் நிலையத்தில் ஆட்டோவுக்குப் பேரம் பேசத் திணறும் கதை பல குடும்பங்களில் உண்டு. மறுபுறம், இன்று ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் வடமாநிலத் தொழிலாளர்களோடு வேலை பார்க்கும் கடைக்காரர் பலர், எந்தத் தேர்வும் எழுதாமல், பால் வேறுபாடு எல்லாம் குழம்பிப்போன இந்தியில் கணக்கு முடித்துவிடுகிறார்கள். தெருவே வாத்தியாராகிவிட்டால் ஊக்கத்தைப் பற்றி யாரும் கட்டுரை எழுத வேண்டியதில்லை.

ஜெர்மன், ஜப்பானியம், கொரியன் படிப்போருக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. அவர்களுக்கும் படிக்கட்டு இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஜப்பானியத்துக்கு என்5 முதல் என்1 வரை ஐந்து. முதல் படியில் தூண்டுதல் தெளிவாக இருக்கும். ஜெர்மனியில் இருக்கும் கணவனோடு சேர்ந்து வாழ விசா கேட்கும் மனைவி பொதுவாக ஏ1 காட்ட வேண்டும் என்பது 2007 முதல் அந்நாட்டுச் சட்டம். தேதி நெருங்க நெருங்க அவர் படிப்பார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே செவிலியராகப் போக நினைப்பவருக்குப் பொதுவாக பி2 வேண்டும். அந்த நிலைக்குப் போகும் வழியில்தான் சிக்கல்.

ஏ2வைத் தாண்டி பி1, பி2 என்று போகும் நடுவழியில் நிற்பவர்களே அதிகம். அறிவு குறைந்துவிட்டதால் அல்ல, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போவதால். ஆங்கிலத்தில் செய்த சொற்கணக்குகள் இதை விளக்குகின்றன: அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்குடும்பங்கள் சாதாரண எழுத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன, அடுத்த ஆயிரம் சேர்ப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் ஆயிரத்துக்குப் பட்ட அதே பாடு, கிடைப்பது சொற்பம். நேற்று வரை வாரத்துக்கு வாரம் புதிதாக ஏதோ புரிந்தவருக்கு, இப்போது இரண்டு மாதம் படித்தும் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். இது எல்லாருக்கும் நேர்வது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாலே சிலர் தங்கிவிடுவார்கள். வகுப்புகளில் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

தமிழருக்குச் சில மொழிகளில் தொடக்கம் இனிப்பாக அமையும். ஜப்பானியத்திலும் கொரியனிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்; நம் வேற்றுமை உருபுபோல் பெயருக்குப் பின்னே ஒட்டுகள் வரும். தமிழில் யோசித்த வரிசையை மாற்றாமலே சொல்லிவிடலாம். கொரிய எழுத்தைச் சில நாட்களில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடியும் என்பதால், கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வருபவருக்கு முதல் வாரத்திலேயே கைமேல் பலன். ஜப்பானியத்தில் அந்த இனிப்பு காஞ்ஜி எழுத்துகளில் கரைந்துபோகும். உச்சநிலைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் தெரிய வேண்டும்.

நடுவழியைக் கடந்தவர்களிடம் பொதுவாக இரண்டு வழக்கங்களைப் பார்க்கலாம். ஒன்று, அளவுகோலை மாற்றிக்கொள்வது: எத்தனை சொல் தெரியும் என்று எண்ணாமல், எதைச் செய்ய முடிகிறது என்று பார்ப்பது. மூன்று மாதத்துக்கு முன் பார்த்த கொரியத் தொடரின் அதே காட்சியை மொழிபெயர்ப்பு வரிகள் இல்லாமல் மீண்டும் ஓடவிட்டால், வளர்ச்சி காதுக்குத் தெரிந்துவிடும். மற்றது, கூட்டு. அடையாறுப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடக்கும் இருவர் அரைமணி நேரம் ஜெர்மனில்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டால், ஒருவர் சோர்ந்த வாரத்தை மற்றவர் இழுத்துவிடுவார். இலக்கணம் தப்பும், தப்பட்டும். கைப்பேசிச் செயலியில் நாள்தோறும் படித்து நெருப்புச் சின்னத்தை அணையாமல் காப்பதும் இந்தி மிஸ் செய்யும் வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது. ஆனால் கோயிலில் பார்த்து ஏன் வரவில்லை என்று அது கேட்காது.

சான்றிதழ் கைக்கு வந்தபின் வரும் சரிவு தனி. தேர்வுக்காக மட்டும் படித்தது தேர்வு முடிந்ததும் கழன்றுகொள்ளத் தொடங்கும். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் தம்மையே சோதித்து எழுதினார். அதே சோதனையில் அவர் கண்ட இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: முற்றிலும் மறந்ததாகத் தோன்றியதைத் திரும்பப் படிக்கும்போது முதல்முறையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. பத்தாண்டு முன் பி1இல் நிறுத்தியவர் மறுபடி சேரும்போது, வகுப்பு நிர்ணயத் தேர்வில் ஏ2வில் உட்கார வைத்தாலும், புதிதாக வந்தவரோடு சேர்ந்து அதே வேகத்தில் நடக்க வேண்டியதில்லை.