கழன்ற செருப்பு

சகோதரிகளே, ஒரு செருப்பின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பொங்கலுக்கு என் மாமியாரைப் பார்க்கக் கம்பைநல்லூர் போயிருந்தோம். அந்தி நேரத்தில் கடைத்தெருவிலிருந்து திரும்பிய அத்தை வாசற்படி ஏறினார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது!

"இன்னொண்ணு எங்கே, அத்தை?" என்றேன்.

குனிந்து பார்த்தார். "அட, கழண்டதே தெரியலையே, கண்ணு!"

குழந்தைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் காலைக் கழுவிவிட்டபோதுதான் உள்ளங்காலில் ஒரு வேலமுள் ஆழமாக ஏறியிருந்ததைக் கண்டேன். அத்தைக்கு வலிக்கவே இல்லை. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஒரு வருஷமாகவே, "காலிலே பஞ்சைக் கட்டின மாதிரி இருக்கு, நாக்கும் எரியுது" என்று போனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "வயசானால் அப்படித்தான்" என்று நான்தான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மறுநாள் தர்மபுரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் முள்ளை எடுத்தார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பிறகு விசாரித்தார். சர்க்கரை வியாதிக்குப் பத்து வருஷமாக மெட்ஃபார்மின் மாத்திரை, மாமனார் காலமானதிலிருந்து கவிச்சி கிடையாது, பாலும் பிடிக்காது. ரத்தத்தைச் சோதித்ததில் வைட்டமின் பி12 மிகக் குறைவு.

"கேழ்வரகுக் களியிலே இல்லாத சத்தா?" என்றார் அத்தை.

"சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் நிறைய உண்டு, அம்மா. ஆனால் பி12 தானியத்திலும் கீரையிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. நரம்பின் மேலுறை கெடாமல் காப்பது அது. அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேருவது குறையலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்றார் டாக்டர்.

பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்தது 1948-ல். அதே ஆண்டில்தான் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு இது தெரியவில்லையே!

ஊசி போட்டதில் நாக்கு எரிச்சல் போயிற்று, தள்ளாட்டம் குறைந்தது. மரப்பு மட்டும் முழுதும் போகவில்லை. நரம்பைச் சர்க்கரையும் கெடுத்திருக்கிறது. அதற்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் வழி, வைட்டமினால் ஆகாது என்றார் டாக்டர்.

ஒன்று சொல்ல வேண்டும். நரம்புக்கு நல்லதென்று நீங்களாகவே கடையில் மாத்திரை வாங்காதீர்கள். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் சோகை தெளியும். பி12 குறைவு உள்ளே மறைந்திருந்து நரம்பை அரிக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

இப்போது அத்தை தினமும் ஒரு டம்ளர் மோர் குடிக்கிறார். இரவில் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறார். நான் போன் செய்தால் முதல் கேள்வி, "கால் எப்படி இருக்கு, அத்தை?" என்பதுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பதிலை முழுக்கக் கேளுங்கள்.