பொள்ளாச்சி என்று சொன்ன பொய்

என் வலக்கண் பார்வை போனதற்கு நான்தான் காரணம். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் ‘ஆபரேஷன் ஃபெயிலியர்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அந்தப் பொய்யால் இன்னொருவருக்கு வந்த கேட்டையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வால்பாறையில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. கிட்டப்பார்வை அதிகமாக இருந்தால் விழி நீண்டு விழித்திரை மெலிந்துபோகும். கிழிய வாய்ப்பு அதிகம். எனக்கும் முதலில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது, ஓரத்தில் மின்னல் வெட்டியது, பிறகு ஒரு பக்கமாகக் கறுப்புத் திரை இறங்கியது. கோவையில் பார்த்த மருத்துவர், விழித்திரை பிரிந்துவிட்டது, உடனே அறுவை வேண்டும் என்றார்.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜூல் கோனான் 1920களில் கிழிசலை அடைத்துக் காட்டும்வரை இந்த நோய் வந்தால் அநேகமாகக் குருடுதான். இன்று பெரும்பாலோருக்கு ஒரே அறுவையில் விழித்திரை ஒட்டிக்கொள்கிறது. கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, தழும்பு இறுகும்வரை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள். வாயு, வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் தானாகக் கரைந்துவிடும். எண்ணெயை எடுக்க மறுபடியும் அறுவை வேண்டும். ஆனால் வாயு இருக்கும்வரை விமானம் ஏறக்கூடாது, மலையும் ஏறக்கூடாது.

“எந்த ஊருங்க?” என்று மருத்துவர் கேட்டார். “பொள்ளாச்சிங்க” என்றேன். வெளியூரில் வால்பாறைக்காரர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தான். நான் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. எண்ணெய் வைத்தால் இன்னொரு தரம் கத்தி வைப்பார்கள் என்று காத்திருந்த இடத்தில் ஒருவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. மலையூர் என்று தெரிந்தால் எண்ணெய் வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் சொன்னேன். அவர் வாயுவே வைத்தார். மலை ஏறாதீர்கள் என்று எழுதியும் கொடுத்தார்.

கோவையில் மகளின் மாமியார் வீட்டில் தங்கினேன். நாள் முழுக்கக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை நிமிரக்கூடாது. சம்பந்தியம்மாள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போவார். அவர் முகம் சுளித்ததே இல்லை. எனக்குத்தான் கூசியது. குமிழி சுருங்கச் சுருங்க, ரசமட்டத்தில் தெரிவதுபோல ஒரு கோடு பார்வைக்குக் குறுக்கே ஆடியது. பாதி கரைந்துவிட்டது, இனி என்ன ஆகிவிடும் என்று நானே முடிவு கட்டி, மகளிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் குறைந்தால் வாயுவின் கனஅளவு கூடும் என்ற பாயில் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். விரிகிற வாயுவுக்கு விழிக்குள் இடம் கிடையாது. கண்ணழுத்தம் ஏறி, நரம்புக்குப் போகும் ரத்தம் தடைபடும்.

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டிக்கு முன்பே கண் தெறித்தது, வாந்தி எடுத்தேன். அந்த ரோட்டில் வாந்தி யாருக்கும் புதிதில்லை. “மேல போனா செரியாப் போயிரும் சார்” என்று கண்டக்டர் பிளாஸ்டிக் பை கொடுத்தார். வளைவுதான் காரணம் என்று நானும் தலையாட்டினேன். வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கலாம். பொய் வெளிப்பட்டுவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கீழே போனபோது நரம்பு கெட்டிருந்தது. இப்போது அந்தக் கண்ணுக்குக் கை அசைவு மட்டும் தெரியும்.

மலை ஏறினீர்களா என்று மருத்துவர் கேட்டபோது ஒப்புக்கொண்டேன். ஊருக்கு வந்து கதையை மாற்றினேன். வாத்தியார் சொன்னால் ஊர் நம்பும். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா, கண்ணில் திரை விழுந்ததுபோல் இருக்கிறது, கோவைக்குப் போகலாமா என்று கேட்டு வந்தார். “போய் என்னம்மா ஆகப்போகுது, என் கதையப் பாத்தீங்கல்ல” என்றேன். அவர் தள்ளிப்போட்டார். கடைசியில் போனபோது பார்வையின் நடுப்புள்ளியும் பிரிந்திருந்தது. அறுவை நடந்தது; அந்தக் கண்ணால் முகம் பார்த்து ஆள் அடையாளம் காண முடியவில்லை. பிற்பாடு உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. டம்ளருக்கு வெளியே டீ ஊற்றுகிறேன், படியில் தடுக்குகிறேன், யானை நடமாடும் ஊரில் பொழுது சாய்ந்தால் வெளியே இறங்குவதில்லை. இடக்கண்ணிலும் மெலிந்த இடத்தைச் சுற்றி லேசர் போட்டிருக்கிறது. இதெல்லாம் எனக்கு வந்த தண்டனை, சரி. அந்த அம்மாவுக்கு வந்தது தண்டனை அல்ல. நான் செய்த கேடு.

வால்பாறையோ ஊட்டியோ கொடைக்கானலோ, மலையில் வீடு இருந்தால் கண் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயு வைத்திருந்தால், அது முழுக்கக் கரைந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை கீழேயே இருங்கள். அதற்குள் வேறு அறுவை வந்தால் மயக்க மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். சில மயக்க வாயுக்களும் குமிழியைப் பெரிதாக்கும். பூச்சி பறந்து மின்னல் வெட்டினால் அன்றைக்கே கிளம்புங்கள். என் கதையைக் காரணம் காட்டி யாரும் தள்ளிப்போட வேண்டாம்.