முட்டைக்குள்ளே ரங்கூன்!

‘‘மச்சி, அத்தோ சாப்பிடலாம் வா!’’னு ரூம்மேட் சொன்னப்போ, ‘அதோ’ங்கறான்னு நினைச்சு அவன் கை காட்டுன பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்த அப்பாவி நான்!

போடிநாயக்கனூர் பக்கத்துல ராசிங்காபுரம்தான் நமக்குச் சொந்த ஊர். பரோட்டா, சால்னா தவிர வேற உலகம் தெரியாது. 2023 ஜூன்ல போடிக்குச் சென்னை ரயில் வந்துச்சு. அதே வருஷம் நானும் இன்ஜினீயரிங் படிக்க சென்னைக்கு வந்தாச்சு.

பீச் ஸ்டேஷன் பக்கம், செகண்ட் லைன் பீச் ரோடு. சாயங்காலமானா வரிசையா அத்தோ கடைங்க. ஏசி இல்ல, மெனு கார்டு இல்ல, உட்கார சேர்கூட இல்ல. பெரிய தட்டுல ஆரஞ்சு கலர் நூடுல்ஸ் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அண்ணன் ஒரு பிடி அள்ளிப் போட்டு, முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணி, வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், நொறுக்குன பேஜோ எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசையறார். பர்மாவுல ‘அத்தோக்’னா இப்படிப் பிசைஞ்சு கலக்கறதுதானாம். தொட்டுக்க சுடச்சுட வாழைத்தண்டு சூப்!

அடுத்து வந்தார் ஹீரோ... முட்டை மசாலா! அவிச்ச முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு, புளி, காரம் எல்லாம் திணிச்சுக் கொடுத்தாங்க. ‘‘கடிக்காதீங்க தம்பி, முழுசா ஒரே வாயில போடணும்’’னார் அண்ணன். கேட்டாத்தானே? கடிச்சேன். புளித்தண்ணி மொத்தமும் வெள்ளைச் சட்டையில... மறுநாள் வைவா வேற!

சட்டையைத் துடைச்சுக்கிட்டே, ‘‘உங்களுக்கு எந்த ஊருண்ணே?’’ன்னேன்.

‘‘அப்பாவுக்கு ரங்கூன். எனக்கு வியாசர்பாடி.’’

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். 1962-ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்துச்சு. 1964-ல கடைகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு. தலைமுறை தலைமுறையா அங்கே வாழ்ந்த தமிழர்கள், சேர்த்ததை எல்லாம் விட்டுட்டு கப்பல் ஏறினாங்க. இங்கே வந்து பிழைக்கணுமே? 1969-ல பர்மா பஜார் உருவாச்சு. பக்கத்துத் தெருக்கள்ல அத்தோவும் மணக்க ஆரம்பிச்சுது. வீட்டை எடுத்துட்டு வர முடியல, கைப்பக்குவத்தைக் கொண்டு வந்துட்டாங்க!

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அம்மா ஞாபகம்.

அம்மாவுக்கு ஏலத்தோட்டத்துல கூலி வேலை. விடியறதுக்கு முன்னாடி, தூக்குச்சட்டியில சோத்தை எடுத்துக்கிட்டு ஜீப்புல ஏறுவாங்க. போடிமெட்டு தாண்டி கேரளா மலையில காய் எடுத்துட்டு, இருட்டுனதும்தான் திரும்புவாங்க. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்னை பெருசாச்சு. மலைக்குப் போயிருந்த நம்ம சனமெல்லாம் பயந்து ஓடி வந்தாங்க. எனக்கு அப்போ ஆறு வயசு. அம்மா வெறுங்கையோட வீட்டுக்குள்ள நுழைஞ்சது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கு. ‘‘சட்டி எங்கம்மா?’’ன்னேன். ‘‘அது போகுது சாமி, நான் வந்துட்டேன்ல!’’ன்னாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் புதுச் சட்டி வாங்கிக்கிட்டு அதே ஜீப்புல ஏறினாங்க. அந்தக் கூலியிலதான் நான் இன்னிக்கு இன்ஜினீயரிங்!

ஸ்கூல்ல, ‘அம்மா என்ன வேலை?’னு யார் கேட்டாலும், ‘வீட்லதான்’னு புளுகியிருக்கேன். அப்பா ஊரையும் தன் ஊரையும் சிரிச்சுக்கிட்டே சொன்ன அந்த அண்ணன், பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு பாஸ்.

இந்தப் பொங்கல் லீவுல, ராசிங்காபுரத்துல என் கையால முட்டை மசாலா. புளி கொஞ்சம் தூக்கல்தான். ‘‘கடிக்காதம்மா, ஒரே வாயில போடணும்’’னு சொல்லி முடிக்கறதுக்குள்ள முட்டை காலி. ஒரு சொட்டு சிந்தல!

‘‘எப்படிம்மா?’’ன்னேன்.

‘‘மலையில நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டுப் பழகுன வாய் சாமி இது!’’

காலேஜ்ல இப்போ யாராவது கேட்டா சத்தமாவே சொல்றேன்... ‘‘எங்கம்மா ஏலத்தோட்டத்துல வேலை பார்க்கறாங்க!’’