தேக்கடி ஏரி மாளிகையில் இரண்டு இரவுகள்

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அவ்வப்போது பதில் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். காட்டுப்பன்றியோ மயிலோ இல்லாத கடிதக் கட்டு எனக்கு வந்ததே இல்லை. பூச்சி என்றால் மருந்து எழுதலாம். மஞ்சள் பூத்த இலை என்றால் மண் பரிசோதனை செய்யச் சொல்லலாம். பன்றிக்கு என்ன எழுதுவது? பழைய சேலை கட்டுங்கள், வரப்பில் ஆமணக்கு போடுங்கள் என்று நானும் எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் மிரளும், எட்டாம் நாள் வந்துவிடும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

எங்கள் திருச்செந்தூர் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. குரும்பூர் அருகே நிலக்கடலை போட்ட ஒரு பெரியவர், மயில் கூட்டம் விதையைக் கிளறித் தின்றதைக் காட்டிவிட்டு, "முருகன் வாகனத்தை நான் எப்படி சார் கல்லால அடிப்பேன்?" என்று கேட்டார். கோவில் கோபுரம் அங்கிருந்தே தெரியும் என்பதுபோலக் கிழக்கே திரும்பிக் கும்பிட்டும் கொண்டார். சட்டமும் அவர் பக்கம்தான். மயில் நம் தேசியப் பறவை, முதல் அட்டவணையில் உள்ள உயிர். ஆனால் கடலை போனது போனதுதானே.

இப்படி இருக்கும்போது, எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு என் மகன் தேக்கடி ஏரி மாளிகையில் இரண்டு இரவு தங்க அறை பதிவு செய்துவிட்டான். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்தான். பிறகு ரசீதைப் பார்த்தேன். நம் ஊரில் ஒரு ஏக்கர் நடவுக்கும் இரண்டு களைக்கும் கொடுக்கிற கூலி, ஓர் இரவுக்கு. காட்டு மிருகத்தைப் பார்க்க! என் மனைவியோ, "பிள்ளை ஆசையா செஞ்சிருக்கான், கணக்குப் பார்க்காதீங்க" என்று வாயை அடைத்துவிட்டாள்.

மாசித் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம் கிளம்பினோம். மதுரை, தேனி, கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் வழியாக மலையேறினால் குமுளி. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டாம் போக நெல் முற்றி நின்றது. பந்தலுக்குப் பந்தல் பன்னீர் திராட்சை. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிற ஊர் அது. வண்டியை நிறுத்தி ஒரு தோட்டத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்ததில் அரை மணி நேரம் போயிற்று. பொழுது சாய்வதற்குள் படகைப் பிடிக்க வேண்டும் என்று மனைவி அதட்டியதால்தான் கிளம்பினேன்.

ஏரி மாளிகைக்குப் படகில்தான் போக வேண்டும். அந்த ஏரி வேறு ஒன்றும் இல்லை, முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர்தான் நான் வழியில் பார்த்த நெல்லுக்கும் திராட்சைக்கும் பாய்கிறது. அணை நிரம்பியபோது மூழ்கிச் செத்த மரங்களின் மொட்டைக் கட்டைகள் நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் தாண்டியும் ஏரிக்குள் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காய்கின்றன. படகு கட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது.

மாளிகை, திருவிதாங்கூர் மகாராஜா குடும்பம் கோடையில் வந்து தங்குவதற்காக வைத்திருந்தது. 1934-இல் திருவிதாங்கூர் அரசு இந்த ஏரியைச் சுற்றியுள்ள காட்டை நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்று அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் அது பெரிதாகிப் பெரியாறு சரணாலயம் ஆனது, 1978-இல் புலிகள் காப்பகம் ஆனது. மாளிகையை இப்போது கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் விடுதியாக நடத்துகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய அறைகள், ஓட்டுக் கூரை, மரச் சாமான்கள், நீளமான திண்ணை. பகட்டு என்று ஒன்றும் இல்லை. நம் பண்ணையார் வீடுகளில் இதைவிடப் பெரிய திண்ணை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே ஏரி, ஏரிக்கு அப்பால் காடு, வேறு எதுவுமே இல்லை.

போனதும் பணியாளர் சொன்ன முதல் வார்த்தை, கதவைத் தாழ் போடுங்கள் என்பது. திருடனுக்காக அல்ல, குரங்குக்காக. நாங்கள் கேட்டதோடு சரி. ஆத்தூரில் வாங்கி வந்த பழச்சீப்பை மேசையில் வைத்துவிட்டு என் மனைவி முகம் கழுவப் போய்த் திரும்புவதற்குள் சீப்பு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. மரத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்றதைப் பார்த்தோம். "தோலையாவது ஒழுங்கா உரிக்குது" என்றாள்.

இப்படிக் காட்டுக்குள் விருந்தாளியைத் தங்க வைக்கிற விடுதிகளில் உலகப் புகழ் பெற்றது ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் உள்ள ட்ரீடாப்ஸ். 1932-இல் ஒரு பெரிய அத்தி மரத்தின் மேல் கட்டிய குடிலாகத் தொடங்கியது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் அங்கே இரவு தங்கியிருந்தபோதுதான் சாண்ட்ரிங்காம் மாளிகையில் அவர் தந்தை இறந்தார். மரத்தில் ஏறும்போது இளவரசி, இறங்கும்போது ராணி. நம் குமாயுன் காட்டில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட் அன்றிரவு அவருக்குத் துணையாக அங்கே இருந்தார். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்த காலத்தில் இதைப் படித்துவிட்டு, வல்லநாட்டுக் குன்றில் வெளிமான் பார்க்க நண்பர்களோடு ஏறி முள் கிழித்துத் திரும்பியது நினைவு இருக்கிறது. விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு. அந்த ட்ரீடாப்ஸ் இருக்கும் அபர்தேர் காட்டைச் சுற்றி, யானையும் காட்டெருமையும் சிறு விவசாயிகளின் நிலத்தில் இறங்காதபடி ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு மின்வேலி போட்டார்கள். முடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. 2009-இல்தான் வேலியின் இரு முனைகளும் சேர்ந்தன. வேலி போட்டது காட்டுக்கு, வயலுக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

மாசி மாதம் ஏரியில் நீர் இறங்கிக்கொண்டே வரும். இறங்கிய இடத்தில் வண்டல், வண்டலில் இளம்புல். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது கரையோரம் மட்டும் பச்சைப் பட்டை கட்டியதுபோல இருக்கும். மிருகமெல்லாம் அங்கே வருவதற்குக் காரணம் அதுதான். தீவனம் இருக்கும் இடத்துக்குக் கால்நடை போகும். நம் வயல் பச்சையாக இருக்கும்போது பன்றி வருவதற்கும் இதே காரணம். முதல் மாலை எதிர்க்கரையில் காட்டுமாடுகள் பதினொன்று எண்ணினேன். எங்கள் பக்கம் மிளா என்கிறோமே அந்தக் கடமான் முழங்கால் தண்ணீரில் நின்றது. நீர்நாய்கள் குடும்பத்தோடு நீந்திப் போயின. புலி வரவில்லை. இரண்டு நாளும் வரவில்லை.

யானை மறுநாள் விடியலில் வந்தது. ஐந்து பெரியவை, ஒரு குட்டி. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே நாற்பதடி இருந்தால் அதிகம். பேச்சு மூச்சு இல்லாமல் நின்றோம். ஒரு யானை புல்லை வேரோடு பிடுங்கி, முன்காலில் நாலு தட்டு தட்டி, மண்ணை உதறிவிட்டு வாயில் போட்டது. கீரைக்கட்டை நம் வீட்டுப் பெண்கள் தட்டுவது அப்படியேதான். குட்டி, மண் உதறாமல் தின்று துப்பியது. அந்த நேரத்தில் எனக்கு வாடகை, நடவு கூலி எதுவும் நினைவு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாற்பதடியில் எப்படித் தைரியமாக நின்றீர்கள் என்று கேட்பீர்கள். நடுவே அகழி இருந்தது. மாளிகையைச் சுற்றி யானை இறங்கி ஏற முடியாதபடி வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜா காலத்துக் கோட்டை மாதிரி.

முதல் நாள் இரவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அகழிக்கு அப்பால் உறுமல் கேட்டது. பணியாளர் விளக்கைத் திருப்பினார். காட்டுப்பன்றிகள். ஒரு தாய், வரி போட்ட குட்டிகள் ஆறோ ஏழோ, சற்றுத் தள்ளி ஒரு பெரிய ஆண். மூக்கால் மண்ணைப் புரட்டிக்கொண்டே போயின. போன தடம் கல்டிவேட்டர் ஓட்டியதுபோல இருந்தது. பக்கத்து அறை வெளிநாட்டுத் தம்பதி குட்டிகளைப் பார்த்து மெல்லிய குரலில் கொஞ்சினார்கள். என் மனைவி கைபேசியில் படம் எடுத்தாள். நானும் எடுத்தேன்.

எடுத்த கையோடு எனக்கு வேறு ஓர் இரவு நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் இருந்த ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஏத்தன் வாழை வைத்திருந்த ஒருவர், ஒரே இரவில் இருநூறு கன்றின் கிழங்கைப் பன்றி தோண்டிப் போட்ட ஆத்திரத்தில், மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டினார். விடியுமுன் தண்ணீர் திருப்பப் போன பக்கத்து வயல்காரர் அதில் மிதித்துவிட்டார். இருவரும் பங்காளிகள். ஒருவர் சுடுகாட்டுக்கும் ஒருவர் சிறைக்கும் போனார்கள். இரண்டு வயலும் வெகுகாலம் தரிசாகக் கிடந்தன. இழப்பு மதிப்பீட்டுக்கு முதல் வாரமே அவர் வந்திருந்தார். மனு எழுதிக் கொடுத்து அனுப்பியவன் நான்தான். அது எங்கோ மேசையில் இருந்தது. அன்றைக்கே கூடப் போய் நின்றிருக்கலாமே என்று இன்னும் தோன்றுகிறது.

மறுநாள் எங்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்ற வழிகாட்டி குமுளிக்காரர், என் வயதிருக்கும். செருப்பைக் கழற்றாமல் நடங்கள், பேசாமல் வாருங்கள் என்றவர், திரும்பும் வழியில் தாமே பேசினார். "நான் முன்னாடி திருடன் சார்" என்றார் சிரித்துக்கொண்டே. வயணா மரத்துப் பட்டையை உரித்து இரவோடு இரவாகத் தமிழ்நாட்டுப் பக்கம் சுமந்து போய் விற்றவர்களில் ஒருவர். 1990-களின் பிற்பாதியில் வனத்துறை இவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்குப் பதிலாக, சூழல் மேம்பாட்டுக் குழு என்று ஒன்று அமைத்து, காட்டைக் காக்கிற வேலையையும் பயணிகளை நடத்திச் செல்கிற வேலையையும் கொடுத்தது. யார் எந்த வழியில் வருவான் என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்? இன்று பயணிகள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு இவர்களுக்கு வருகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வசந்தசேனை என்ற பெயரில் 2002 முதல் கூலி வாங்காமல் முறை வைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மிளகுக் கதை. காட்டை ஒட்டி வாழும் மன்னான், பளியர் குடிகள் மிளகு போடுகிறவர்கள். கொடியில் திரி விடும் முன்பே வியாபாரியிடம் கடன் வாங்கி, அவன் சொன்ன விலைக்கு விளைச்சலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழு வந்தபின் கடன் அடைபட்டு, விற்பனை தங்கள் கைக்கு வந்தது. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற அவர்கள் மிளகு ஜெர்மனி வரை போயிருக்கிறது. அங்கே மட்டும் பன்றி வராதா என்று கேட்டேன். "வரும் சார். யானையும் வரும். ஆனா, மிருகத்தைப் பாக்க வர்ற காசு எங்க கைக்கும் வருதுல்ல. அதனால கோவம் பாதிதான் வரும்" என்றார்.

பாதிக் கோபம். நம் பக்கத்தில் கோபம் முழுதாக இருப்பதற்குக் காரணம் தேடி நான் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் கடிதங்கள் காத்திருந்தன. அவற்றுக்கான பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் நம் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடுவார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதற்கில்லை. சுடுகிறவர் வனத்துறைக்காரர்தான், நாம் அல்ல. சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். என்னைப் போன்றவர்களையும் கூட இழுத்துக்கொண்டு போங்கள். சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. அந்த வேலி விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது. மோட்டார் அறைக் கம்பி கொல்லும்.

ஊருக்கு வந்த வாரம், கன்று தோண்டப்பட்ட ஒரு வாழைத் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் தேக்கடிப் படங்களைக் காட்டினேன். யானையை ஆவலாகப் பார்த்தவர், பன்றிப் படம் வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதையா சார் காசு குடுத்துப் பாத்துட்டு வந்தீங்க? ராத்திரி இங்க வந்திருந்தா சும்மாவே காட்டியிருப்பேனே."

சிரித்துவிட்டு, அகழியைப் பற்றிச் சொன்னேன். கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எத்தன அடி ஆழம் சார்?"

அளந்து பார்க்கவில்லை என்றேன்.

"அத அளந்துட்டு வந்திருக்கலாம்லா" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.